ஏழாம் தேதிக் குழி

தெருவில் குழாய் வறண்டால் எல்லாரும் முதலில் தையற்காரர் வாசலுக்குத்தான் வருவார்கள். அவருடைய மனைவி தண்ணீர் இலாகாவில் பைப் பிட்டர். பத்தொன்பது வருட சர்வீஸ். அதனால் தண்ணீர் வராததற்குத் தையற்காரரும் ஒரு வகையில் பொறுப்பு என்பது தெருவின் தீர்மானம்.

"என்ன டெய்லரே, எப்ப வரும் தண்ணி?"

"பெரிய லைன் உடைஞ்சிருக்காம். சாயங்காலம் ஆயிடும்."

"யாரு போயிருக்கா?"

"சாவிக்காரர் போயிருக்காரு."

கேட்டவர் காலிக் குடத்தோடு திரும்பிப் போவார். தையற்காரர் மெஷினை மிதிப்பார். சொன்னது பொய்தான். குழிக்குள் இறங்கியிருப்பது அவருடைய மனைவி. ஆனால் இலாகா வழக்கப்படி பார்த்தால் அது பொய்யும் இல்லை.

அந்த வழக்கம் இப்படி. மாதம் பிறக்கும்போது பிரேக்டவுன் டூட்டிப் பட்டியல் டைப் அடித்துச் சுவரில் ஒட்டப்படும். எந்த நாளில் எங்கே குழாய் உடைந்தாலும் அந்த நாளுக்குரிய ஆள் ஓட வேண்டும். ஒட்டிய பட்டியலில் யாரும் பேரை மாற்றுவதில்லை. மாற்றினால் மேலே விளக்கம் எழுத வேண்டும், விளக்கம் எழுத யாருக்கும் பிடிக்காது. ஆகவே யார் போனாலும் பட்டியலில் உள்ளவர் பேரிலேயே போவார்கள், வருவார்கள், வேலை முடிந்த சீட்டில் அந்தப் பேரையே எழுதுவார்கள். பட்டியலில் பெண்கள் பேர் கிடையாது. இலாகாவில் பெண் பிட்டர்கள் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் காகிதத்தில் ஆபீஸ் வளாகத்து டெப்போவில் உட்கார்ந்து வாஷர் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்காரர் என்பது வால்வு திறக்கிற ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் தூக்கிக்கொண்டு முப்பத்துநாலு வருடம் நடந்தவருக்குத் தெருவும் இலாகாவும் சேர்ந்து வைத்த பேர். மாதத்தில் ஆறு நாள் பட்டியலில் அவர் வருவார். மூன்று வருடமாக அவரால் குழியில் இறங்க முடியவில்லை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. அது வெளியே தெரிந்தால் உடம்புத் தகுதி இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். தையற்காரர் மனைவிக்கு வேலை பழக்கியவர் அவர்தான். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சி ஒருநாள், "நீங்க மேல நின்னு சாவியப் புடிச்சுக்குங்கண்ணே, நான் இறங்கறேன்" என்றாள். அன்றிலிருந்து அப்படியே நடந்தது.

அவளுக்கு இலாகாவில் 'காது' என்று பேர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்ரோட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மண்ணுக்குள் நாலடி ஆழத்தில் கசிகிற தண்ணீர் அவளுக்குக் கேட்கும். சின்ன ஓட்டை என்றால் எண்ணெயில் ஈரம் பட்ட மாதிரி பொரியும், மூட்டு விட்டிருந்தால் யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும் என்பாள். அவள் காட்டிய இடத்தில் தோண்டினால் ஒரு முழம் தள்ளாது. வீட்டுக்கு வரும்போது காது மடலில் மண் அப்பியிருக்கும். தையற்காரர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "பாதி ரோட்ட வீட்டுக்குக் கொண்டு வந்துட்ட" என்பார்.

போர்மேன் இடம் ஒன்று காலியானது. தகுதி, சர்வீஸ், பரீட்சை மார்க் எல்லாவற்றிலும் அவள்தான் முதலில் இருந்தாள். விண்ணப்பித்தாள். பதில் வந்தது. தையற்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை வாசித்தார். 'அவசரப் பழுதுப் பணியில் அனுபவம் ஏதும் இல்லாமையால் பரிசீலிக்க இயலவில்லை.'

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கா? குழாய் உடையறதுல அனுபவம் இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவர் முட்டை அவித்துக் கொடுத்தால் மஞ்சள் கருவை மட்டும் அவர் தட்டுக்குத் தள்ளிவிடுவாள்.

"கேளேன், சட்டை தைக்க வர்ற கோர்ட்டு டவாலி சொன்னாரு. சர்க்கார் வேலைல இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி ஓரவஞ்சனை நடந்தா, கேக்கறதுக்குன்னு இலவச சட்ட உதவி ரூம் ஒண்ணு இருக்காம். ரெண்டாவது மாடி."

"கேஸா? நம்மளா? ஆபீசரு மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கறது?"

"அவரு உன் மூஞ்சில எப்படி முழிக்கறாரு? அப்படியே முழி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை அரிசி டின்னுக்கு அடியிலிருந்து கடிதம் வெளியே வந்திருந்தது.

ரெண்டாவது மாடி அறையில் இரண்டு மேஜை, நாலு நாற்காலி, மழைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தையற்காரர் கண்ணில் முதலில் பட்டது அவர் முகமல்ல, கறுப்புக் கோட்டு. இடது கைக்குள் உள்துணி தையல் விட்டு நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா அதை அடிக்கடி உள்ளே தள்ளிக்கொண்டே பேசினார்.

அவர் கேட்ட விதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவசரமே இல்லை. "முதல்ல நடந்தத முதல்ல சொல்லுங்க" என்றார். தேதி, கிழமை, யார் சொன்னது, பக்கத்தில் யார் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு தடவைகூட 'அத விடுங்க' என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் இலாகா சம்பந்தமாகத் தன் பேச்சை ஒருவர் முடிவு வரைக்கும் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவள் படி இறங்கும்போது சொன்னாள்.

கிளம்பும்போது தையற்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மேடம், அந்தக் கோட்டக் குடுத்தீங்கன்னா பத்து நிமிஷத்துல..."

"கேஸ் நடக்கும்போது உங்ககிட்ட ஒரு பட்டன்கூட வாங்கிக்க மாட்டேன் சார். இது இலவச உதவி. முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

மனு போனது. கடிதம் அவள் கைக்கு வந்தது பதினெட்டாம் தேதி. முறையீட்டு மன்றத்தில் மனுக் கொடுக்க முப்பது நாள் கெடு. மறுமாதம் பதினைந்தாம் தேதி கொடுத்தார்கள், இருபத்தெட்டாவது நாள். வக்கீலம்மா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

பத்து நாளில் மனு திரும்பி வந்தது. கெடு தாண்டிவிட்டதாம். இலாகாவின் தபால் பதிவேட்டில், அவள் கடிதம் வாங்கிய தேதி ஏழு என்று இருந்தது. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து.

"கையெழுத்து உங்களோடதுதானே?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"என்னோடதுதான் மேடம்."

"தேதி?"

"தேதி நாங்க போட மாட்டோம். கிளார்க்குப் பொண்ணு, 'அக்கா ஒரு கையெழுத்து'ன்னு நீட்டும். போடுவோம். தேதிய அது அப்புறமா நிரப்பிக்கும். தபால் செக்சனுக்கு வந்த தேதியவே எல்லாருக்கும் போட்டுடும். லேட்டாக் குடுத்ததாத் தெரிஞ்சா அதுக்கு மெமோ வரும்ல? பாவம்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி. ஏழாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க? ஆபீஸ் பக்கமே வரலைன்னு காட்ட முடிஞ்சாப் போதும்."

அவள் தையற்காரரைப் பார்த்தாள். தையற்காரர் வாளியைப் பார்த்தார். ஏழாம் தேதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆஸ்பத்திரி ரோட்டில் பெரிய லைன் வெடித்த நாள். காலை ஆறு மணிக்கு இறங்கியவள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறினாள். அவர் ரொட்டியும் தேநீரும் கொண்டுபோய்க் குழி விளிம்பில் குந்தி, ஒரு கயிற்றில் தூக்குவாளியைக் கட்டி இறக்கியிருக்கிறார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு, சேறு படாத இரண்டு விரலால் ரொட்டியைப் பிடித்து அவள் தின்றாள். ஆஸ்பத்திரிக்கு அன்று சாயங்காலம் தண்ணீர் போனது.

"டெப்போல இருந்தேன் மேடம்" என்றாள் அவள். "வருகைப் பதிவேட்டுல அப்படித்தான் இருக்கும். மறுநாள் நானே கையெழுத்துப் போட்டேன்."

"பதிவேட்ட நான் கேக்கல. நீங்க எங்க இருந்தீங்க?"

அவள் மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், பேர் மாறிப் போகிற வழக்கம், மூன்று வருடம், முழங்கால். வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அனுபவம் இருக்கு, பேர் இல்ல. குழில நின்னீங்க, டெப்போலன்னு கையெழுத்துப் போட்டீங்க. ஒரு இலாகாவையே ஆள்மாறாட்டத்துல நடத்திக்கிட்டிருக்கீங்க எல்லாரும் சேர்ந்து! குழில வேற யாரு இருந்தா?"

"மூணு தினக்கூலி ஆளுங்க. வாயத் திறந்தா மறுநாள் அவங்களுக்கு வேலை இல்ல."

"அப்போ சாவிக்காரர் ஒருத்தர்தான். 'அன்னிக்கு என் பேர்ல இறங்குனது இவங்க'ன்னு அவர் சொன்னா, தேதியும் நிக்கும், அனுபவமும் நிக்கும். சொல்லலைன்னா ரெண்டும் போச்சு."

"அவரு ரிட்டயர்டு ஆக எட்டு மாசம் இருக்கு மேடம். அவர மாட்டிவிட்டு எனக்கு ஒரு நாற்காலி வேணாம்."

"மாட்டிவிடச் சொல்லல. கேட்டுப் பாருங்கன்னு..."

"கேட்டா சொல்லிடுவாரு. அதனாலதான் வேணாங்கறேன்."

பஸ்ஸில் வரும்போது கணவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க வாய் ஓட்டை வாய்."

"ஓட்டையக் கண்டுபுடிக்கறதுதானே உன் தொழிலு."

"சிரிப்புக் காட்டாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். பதினைந்து நாளுக்குள் பதில் மனு கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அதோடு முடிந்தது. அவர் காலையில் எழுந்ததும் காலண்டரைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரித் திரும்புவதுமாக இருந்தார். பத்து நாள் போயிற்று.

பதினோராவது நாள், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், சாவிக்காரரே கடைக்கு வந்தார். கையில் ஒரு காக்கிக் கால்சட்டை.

"முழங்கால்கிட்ட கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடு மாப்ள. புடிக்குது."

அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டுத் தையற்காரர் கீழே குந்தினார். அளவு நாடாவைச் சுற்றினார். இடது முழங்கால் வலதை விட இரண்டு அங்குலம் அதிகம். உள்ளே துணிக்கட்டு வேறு. அவருடைய வாய்க்குள் வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. சட்டென்று டப்பாவைத் திறந்து நாலு குண்டூசியை எடுத்து உதட்டுக்கு இடையில் கவ்விக்கொண்டார். ஊசி வாயில் இருக்கும்போது தையற்காரன் பேச மாட்டான். யாரும் தப்பாக நினைக்கவும் முடியாது.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம்?"

"ம்ம்."

"வீட்டுல சண்டையா?"

"ம்ஹும்."

"தங்கச்சி மனுவ லேட்டுன்னு திருப்பிட்டாங்களாமே. ஆபீஸ்ல பேசிக்கறாங்க. கிளார்க்குப் பொண்ணு அழுதுகிட்டு இருக்கு, தெரியாமப் போட்டுட்டேன்னு. எந்தத் தேதி போட்டிருக்காம்?"

தையற்காரர் இன்னும் இரண்டு ஊசியை எடுத்துக் கவ்விக்கொண்டார்.

"கடுதாசி வந்ததே அஞ்சு தேதிக்கு மேலதான்" என்று சாவிக்காரர் விரலை மடக்கினார். "ஆறு லீவு. அப்ப... ஏழா?"

உதட்டில் ஊசி குத்தியது. தையற்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. வலது காலுக்கு ஊசி குத்துவதைப் போல இடது காலுக்கும் குத்திக்கொண்டே இருந்தார், தேவைக்கு மேலே.

"ஆஸ்பத்திரி ரோடு" என்றார் சாவிக்காரர் மெதுவாக. ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "அன்னிக்கு அவ ஆபீஸ் பக்கமே போகலியே! பதிமூணு மணி நேரம் நான் மேல குடை புடிச்சுக்கிட்டு நின்னேனே. என்கிட்ட சொல்லாதேன்னாளா?"

தையற்காரர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தினார். பிறகுதான் வாயைத் திறந்தார். "நான் ஒரு வார்த்தை பேசல மச்சான். நீங்களே சாட்சி."

"ஆமா. நான்தான் சாட்சி" என்று சொல்லிவிட்டுச் சாவிக்காரர் எழுந்து நடந்தார்.

"மச்சான்! ஊசி! கால்ல ஊசி இருக்கு!"

அவர் காதில் விழவில்லை. ஊசி குத்திய கால்சட்டையோடு தெருவைத் தாண்டி வீட்டுக்குப் போனார். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, வேறு கால்சட்டையில், கையில் மூன்று சின்னப் பாக்கெட் டைரியோடு திரும்பி வந்தார்.

"என்னங்க சொன்னீங்க அண்ணன்கிட்ட?" என்று அவள் கணவன் பக்கம் சீறினாள்.

"அவன் மேல பாயாத. ஒரு டப்பா ஊசிய முழுங்கப் பாத்தான் பாவம். இதப் படி."

மூன்று வருடத்து டைரி. சாவிக்காரருடைய கோழிக்கிறுக்கல். தேதிக்கு எதிரே ஒரே ஒரு வரி. 'தங்கச்சி போச்சு. மார்க்கெட் மூலை. நாலு மணி நேரம்.' 'தங்கச்சி போச்சு. பள்ளிக்கூடத்து வாசல். மூட்டு விட்டிருந்தது.' 'தங்கச்சி போச்சு. காய்ச்சலோட.' ஏழாம் தேதிப் பக்கத்தில்: 'தங்கச்சி போச்சு. ஆஸ்பத்திரி ரோடு. பதிமூணு மணி நேரம். சாப்பாடு மாப்ள கொண்டாந்தான்.' தையற்காரர் எண்ணினார். நூற்றெண்பத்தாறு தடவை.

"இத எதுக்குண்ணே எழுதி வச்சீங்க?" அவள் டைரியை மூடாமலே கேட்டாள்.

"மறந்துடக் கூடாதுல்ல. ஒருத்தி என் காலா இருந்திருக்கா. எத்தனை நாளுன்னாவது எனக்குத் தெரிய வேணாமா?"

"எட்டு மாசத்துல உங்களுக்கு எதாச்சும் ஆச்சுன்னா..."

"ரோட்டுக்கு அடியில நடக்கறதெல்லாம் உனக்குக் கேக்குது. என் முழங்கால் சத்தம் மட்டும் யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு மூணு வருஷம் பொத்திப் பொத்தி வச்ச. போதும் தங்கச்சி. நாளைக்குக் காலையில அந்த வக்கீலம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ."

ரெண்டாவது மாடிக்கு அவர் ஏற இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் நின்றார். வக்கீலம்மா டைரிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, ஒளிக்காமல் சொன்னார்.

"ஐயா, நீங்க சாட்சி சொன்னா உங்களுக்கு எச்சரிக்கை வரலாம். அதுக்கு மேல ஏதாவது செய்யப் பாத்தா உங்களுக்கும் நானே வாதாடுவேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். முழங்கால் எங்க போச்சு?"

"குழிலதான். வேற எங்க?"

"இலாகா வேலையில போன முழங்கால். அதுக்கு உட்கார்ந்து செய்யற வேலை குடுக்கணும். வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சம்பளம் குறைக்கக் கூடாது. சட்டத்துல இருக்கு. நீங்க கேக்கவே இல்லையே?"

சாவிக்காரர் நிமிர்ந்தார். "கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"அடக் கடவுளே" என்றார் அவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் மன்றத்து வராந்தாவில் அவித்த முட்டையும் ரொட்டியும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இறங்கவில்லை. உள்ளே மூன்று உறுப்பினர்கள். தையற்காரருக்குக் கடைசி பெஞ்சு. முதலில் கிளார்க்குப் பெண் வந்து, தேதியை நிரப்பியது தான்தான் என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். சாவிக்காரர் நின்றுகொண்டே சாட்சி சொன்னார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஏழாம் தேதியைப் பற்றி மணிவாரியாகச் சொன்னார். குழாயின் எந்தக் காலர் வெடித்தது, எத்தனை போல்ட்டு, எப்போது மழை வலுத்தது, எப்போது மாப்ள ரொட்டி கொண்டுவந்தான். நடுவில் இருந்த உறுப்பினர், "ரொட்டி வேண்டாம், தேதி போதும்" என்று சிரித்தார்.

பிறகு இலாகா சார்பில் அவர்களுடைய இஞ்சினியர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை, மெல்லத்தான் பேசினார். "இதுல ஓரவஞ்சனை எதுவும் இல்லைங்க. பெண்களக் குழில இறக்க வேண்டாம்னுதான் பட்டியல்ல போடல. அவங்க மேல உள்ள அக்கறைதான்."

வக்கீலம்மா கோட்டின் உள்துணியை உள்ளே தள்ளிக்கொண்டே எழுந்தார். "பட்டியல்ல போடல. சரி. குழில இறக்கினீங்களே? ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அன்னிக்குக் காலையில நீங்களே வந்தீங்க. குழிக்குள்ள யார் நின்னாங்கன்னு எட்டிப் பாக்கலையா?"

இஞ்சினியர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தையற்காரருடைய மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு, "பாத்தேன்" என்றார். "சீக்கிரம் முடிம்மான்னு சொன்னேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக இஞ்சினியர் மேல் இருந்த கோபத்தில் பாதியைத் தையற்காரர் அங்கேயே கழித்துவிட்டார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு. மனு கெடுவுக்குள்தான் வந்தது. அவளுக்கு அனுபவம் இல்லை என்றது தவறு. போர்மேன் இடம் அவளுக்கே. இனிமேல் பட்டியலில் தகுதியுள்ள எல்லாருடைய பேரும் வர வேண்டும், போகிறவர் தன் பேரிலேயே போக வேண்டும். சாவிக்காரருக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது, கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதமும். "முப்பத்துநாலு வருஷத்துல ஆபீஸ் எனக்கு எழுதின மொதக் கடுதாசி" என்று அதைத் தெரு முழுக்கக் காட்டினார்.

அவளுக்குத்தான் நன்றி சொல்ல வரவில்லை. ரெண்டாவது மாடி அறையில் வக்கீலம்மா முன்னால் போய் நின்று, "மேடம், இந்தக் கூரை ஒழுகல. மேல தொட்டிக்குப் போற பைப்புல மூட்டு விட்டிருக்கு. மழை நின்னும் சொட்டுது பாருங்க" என்றாள். மேஜை மேல் ஏறி, கைக்குட்டையால் துடைத்து, பையிலிருந்த ஸ்பானரால் அதை இறுக்கிவிட்டு இறங்கினாள். வாளியில் சொட்டுச் சத்தம் நின்றது. வக்கீலம்மா மேலே பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றித் தையற்காரர் கையில் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தையற்காரர் அந்தக் கோட்டைப் பிரித்து, புது உள்துணி வைத்து, கை நுனியை மடித்துத் தைத்து முடித்தார். இஸ்திரி போட வேண்டியதுதான் பாக்கி. துணியை நனைக்கக் குழாயைத் திறந்தார். வறண்டு கிடந்தது. சமையலறைக் குடத்தில் குடிக்க மட்டும் அரைக் குடம் இருந்தது. அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காலிக் குடத்தோடு வந்தார்.

"என்ன டெய்லரே, எப்ப வரும் தண்ணி?"

"பஸ் ஸ்டாண்டு மூலைல மூட்டு விட்டிருக்காம். மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

"யாரு போயிருக்கா? சாவிக்காரரா?"

தையற்காரர் வழக்கப்படி வாயைத் திறந்தார். பிறகு நிறுத்தி, எழுந்து நின்றுகொண்டார்.

"என் வீட்டுக்காரி போயிருக்கா" என்றார். "அவ பேர்லயே."

பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார். பதினொன்றரைக்குக் குழாய் இருமியது. இரண்டு தடவை காற்றைத் துப்பியது. துரு கலந்த தண்ணீர் கொஞ்சம் வந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது. தையற்காரர் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். துணியை நனைத்துப் பிழிந்து, கறுப்புக் கோட்டின் மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்தார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.